பேய் என்பது ஒரு வழக்கு: பாலராமபுரம் முதல் பாறசாலை வரை ஒரு சொல்லின் வரலாறு

இடைக்கால ஐரோப்பாவின் சாயலில் அமைந்த மாயவுலகப் பாத்திர விளையாட்டுகளில் பேய் என்பது ஓர் இனம். அதற்குப் பெயர் உண்டு, படிநிலை உண்டு, வலிமையைக் குறிக்க எண் உண்டு, எந்த ஆயுதம் அதன் தோலைத் துளைக்கும் என்ற குறிப்பும் உண்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு 1977இல் 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற கையேடு வந்தது. அதன் அகரவரிசையில் நம்முடைய ராட்சசனும் ஒரு பதிவாகிவிட்டான். இந்தப் பட்டியலிடும் பழக்கம் புதிதன்று. யோகான் வையர் என்ற மருத்துவர் 1577இல் தம் நூலின் பிற்சேர்க்கையாக 69 பேய்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு பேய் கோமகன், மற்றொன்று அரசன்; ஒவ்வொன்றின் ஆணைக்கும் கீழ் இத்தனை படையணிகள் என்ற கணக்கும் உண்டு. அவர் காலத்து அரசவையே நரகத்தின் அமைப்பாகவும் ஆகியிருந்தது.

இத்தகைய பட்டியல்களில் இரண்டு கேள்விகளுக்கு இடமில்லை. இந்தப் பேய் இதற்கு முன் யாராக இருந்தது? அதற்கு யார், என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

தென் திருவிதாங்கூரில் பேயைப் பற்றிக் கேட்கப்பட்டவை பெரும்பாலும் இவ்விரு கேள்விகளே. திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் செல்லும் நெடுவழியின் இருபுறமும் இருந்த மாடன், இசக்கி, யட்சி பீடங்களில் பலவும் ஒரு மரணத்தைச் சொல்பவை. அது கொலையாகவோ, தற்கொலையாகவோ, போரில் வீழ்ந்ததாகவோ, பிள்ளைப்பேற்றில் நேர்ந்ததாகவோ இருக்கலாம். காலத்துக்கு முன் வந்த சாவு. கணக்கு முடியாத சாவு. இப்பகுதியில் பேய் என்பது ஓர் இனத்தின் பெயராக இருந்ததைவிட, தீர்ப்புக் கிடைக்காத ஒரு வழக்கின் பெயராகவே இருந்தது. அந்த வழக்கு எப்படி ஒரு பட்டியலாகச் சுருங்கியது, அதைச் சுருக்கியவர்கள் யார், அதைத் தாங்களாகவே கைவிட்டவர்களின் நியாயம் என்ன என்பவையே இப்பதிவின் பொருள்.

1. சொல்லின் பழைய அகலம்

தமிழில் 'பேய்' என்ற சொல் தொடக்கத்திலிருந்தே தீமையின் பெயராக மட்டும் இருந்ததில்லை. தொல்காப்பியப் புறத்திணையில் பேய் போர்க்களத்தின் உடனுறைவு; புண்பட்ட வீரனைப் பேய் தீண்டாதபடி காப்பதும், பேயே அவனைக் காத்து நிற்பதும் அங்கே துறைகளாகின்றன. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் முடம், குருடு, ஊமை என்று பேய்கள் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தப்படுகின்றன. இதையும் ஒருவகைப் பட்டியல் எனலாம். ஆனால் அந்தப் பேய்களை வெல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அவை பசித்திருக்கின்றன, போர் அவற்றுக்குக் கூழிடுகிறது. காரைக்காலம்மையார் தம்மையே பேய் என்று அழைத்துக்கொண்டார். அவர் நிலைபெற்ற தலம் திருவாலங்காடு.

அதே திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்தான் நீலியின் ஊரும். ஒரே நிலத்தில் ஒரு பேய் அடியாராகவும், மற்றொரு பேய் அச்சமாகவும் நின்றன. அந்த நீலியே ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில் சமண முனிவரால் மனம் மாறி, பிற சமயத்தாரோடு தருக்கம் புரியும் அறிஞராக ஆகிறாள். ஒரு சமயத்தின் பேய் இன்னொரு சமயத்தின் ஆசிரியராக முடிந்தது.

நம் எல்லைப்பகுதியில் இந்த மாற்றத்தின் கல்வெட்டுச் சான்றே இருக்கிறது. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் மலை, பழைய பெயரில் திருச்சாரணத்துமலை, ஒரு சமணப் பள்ளி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அம்மலையின் பட்டாரியாருக்குப் பொன் அணிகலன் அளித்ததைப் பதிவு செய்கிறது. தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களோடு இயக்கியின் உருவமும் அந்தப் பாறையில் உள்ளது. பின்னாளில் அத்தலம் பகவதி கோயிலாயிற்று. 'யட்சி' என்ற வடசொல் தமிழில் 'இயக்கி' ஆகி, மக்கள் வழக்கில் 'இசக்கி' என்று நின்றது. சிலப்பதிகாரத்திலேயே மதுரையின் புறத்தே இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் மாதரி வருகிறாள். காவல் தெய்வம், பகவதி, பிள்ளையை இடுப்பில் ஏந்திய இசக்கி, வழிப்போக்கனின் குருதி குடிக்கும் யட்சி என்று ஒரே சொல் நான்கு வீடுகளில் குடியிருந்திருக்கிறது. எந்த வீட்டில் எப்போது குடியிருந்தது என்பது அவளுடைய இயல்பைவிட, அவளுக்குப் பெயர் வைத்தவர்களின் இடத்தைப் பொறுத்தது.

2. நீலியின் வழக்கு

நீலி கதையின் பல வடிவங்கள் தெற்கே வழங்குகின்றன. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடும், பஞ்சவன்காடும் அதன் களங்கள். விவரங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றே. ஒரு பிறவியில் ஒரு பெண் நம்பியவனால் கொலை செய்யப்படுகிறாள். மறுபிறவியில் கொலைகாரன் வணிகனாக வருகிறான். அவள் ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனுடைய மனைவியாக ஊர்ச்சபையின் முன் நிற்கிறாள். இவன் என்னைக் கைவிட்டான் என்கிறாள். அவன் அஞ்சி அலறுகிறான். சபையோர் அவள் சொல்லை ஏற்று, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று உறுதியளித்து, அவளோடு அவனை ஓர் இரவு தங்க வைக்கிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். பிணை நின்ற 70 பேரும் சொல் தவறாமல் உயிர் விடுகிறார்கள்.

இக்கதை பொதுவாக வேளாளரின் வாக்குத் தவறாமைக்குச் சான்றாக வாசிக்கப்படுகிறது. அல்லது பேய்ப்பெண்ணின் வஞ்சகத்துக்கு எடுத்துக்காட்டாக. வழக்கு மொழியில் வாசித்தால் வேறொன்று புலப்படும். நீலி காட்டிய சான்று பொய். அவள் கொண்டுவந்த முறையீடு மெய். அவள் உண்மையாகவே அவனால் கொல்லப்பட்டவள். ஆனால் 'நான் இவனால் கொல்லப்பட்டவள்' என்று சொல்லி ஒரு பெண் அச்சபையில் நிற்க வழியில்லை. 'நான் இவன் மனைவி. இது இவன் பிள்ளை' என்றால்தான் கேட்பார்கள். கொலைக்கு நீதி கேட்பதற்கு அவளுக்குக் கள்ளிக்கொம்பால் ஆன ஒரு குடும்பம் தேவைப்பட்டது. அப்படியானால் கதையின் அச்சம் பேயிடம் மட்டும் இல்லை; கேட்கத் தெரியாத சபையிடமும் இருக்கிறது.

வில்லுப்பாட்டு அமைப்பு இதைத் தெளிவாக்குகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி வட்டார வில்லுப்பாட்டைக் களத்தில் ஆய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட நூலில், தெய்வப் பிறப்பைச் சொல்லும் கதைகளையும், கொலையுண்டோரின் இறப்பைச் சொல்லும் கதைகளையும் பிரித்துக் காட்டினார். இறப்புக் கதைகளில் வில்லும் குடமும் உடுக்கும் முழங்க, பாட்டு மரணக் கட்டத்தை எட்டும்போதுதான் கோமரத்தாடி மேல் தெய்வம் வருகிறது. கதை சொல்லப்படுகிறது, இறந்தவர் வருகிறார், ஊர் கேட்கிறது, கொடை அளிக்கப்படுகிறது. இது ஆண்டுதோறும் நடக்கும் ஒரு விசாரணை. தீர்ப்பு வராது; ஆனால் வழக்கு தள்ளுபடியும் ஆவதில்லை.

3. வென்றவரின் மரம், தோற்றவரின் பாட்டு

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பழைய பலாமரத்தின் எச்சம் காட்டப்படுகிறது. மார்த்தாண்ட வர்மர் பகைவரிடமிருந்து தப்பி அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஐதிகம். அவர் 1729 முதல் 1758 வரை ஆண்டு, வேணாட்டைத் திருவிதாங்கூர் என்ற மைய அரசாக்கினார். அந்த வழியில் முந்தைய அரசரின் மக்களாகிய தம்பிமாரும், எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் அழிக்கப்பட்டனர்.

வென்றவருக்கு அடைக்கலம் தந்த மரம் புனிதமாயிற்று. தோற்றவர்களோ பாட்டாகவும் ஆவியாகவும் நின்றனர். தம்பிமார் கதை வில்லில் பாடப்பட்டது. எட்டுவீட்டாரின் ஆவிகள் அரச குடும்பத்தை அலைக்கழித்தன என்ற நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது. கோயில் ஆவணங்களும் அரண்மனை ஓலைகளும் வெற்றியைப் பதிவு செய்தபோது, தோல்வியின் ஆவணக்காப்பகம் பேய்க்கதையாக இருந்தது. எனவே இப்பகுதியில் பேய்க்கதையை ஒதுக்கிவிட்டு அரசியல் வரலாறு எழுதுபவர், அறியாமலேயே வென்றவரின் பக்கத்தை மட்டும் படித்தவராகிறார்.

ஐரோப்பியரும் இந்த முறைக்கு விலக்காகவில்லை. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்கக் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைத் தாக்கியபோது, கேப்டன் போல் என்ற ஆங்கில அதிகாரி படுகாயமுற்று இறந்தார். திருநெல்வேலிச் சீமையின் மணற்காட்டில் புதைக்கப்பட்ட அவருக்குச் சில ஆண்டுகளில் வழிபாடு தொடங்கியது. படைக்கப்பட்டவை சாராயமும் சுருட்டும். இதைப் பதிவு செய்தவர் இராபர்ட் கால்டுவெல். ஊருக்கு எதிராகப் போரிட வந்தவனுக்குப் பீடம் ஏன்? பேய் ஓர் எதிரி இனமாக இருந்தால் இதற்கு விளக்கமில்லை. அது முடியாத சாவின் பெயர் என்றால் விளக்கம் எளிது: வெளியூரில், இளமையில், உறவினர் எவரும் கொள்ளி வைக்காமல் இறந்தவன் அவன். அவனுக்கு யாரோ ஏதோ செய்ய வேண்டியிருந்தது. அவன் உயிரோடு விரும்பியவை எவை என்று ஊர் நினைத்ததோ, அவற்றையே படைத்தது.

அந்த 1809ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பாலராம வர்மரின் பெயரால், திவான் உம்மிணித்தம்பியின் முயற்சியில், பாலராமபுரம் உருவாயிற்று. தமிழகத்துச் சாலிய நெசவாளர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அந்த நெடுவழியில் அரசின் ஆட்களும் நெசவாளரும் வணிகரும் போயினர். அவர்களோடு தமிழும் மலையாளமும் கலந்த கதைகளும் போயின.

4. பட்டியல் வருகிறது

பேய்களை வகைப்படுத்தும் ஐரோப்பியப் பழக்கம் தமிழ்நாட்டுக்குள் எழுத்தாக நுழைந்தது தரங்கம்பாடி வழியே. சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சவரலாற்றை எழுதி, பெருந்தெய்வங்கள், கிராமதேவதைகள், பேய்கள் என்று அடுக்கினார். அது சென்னையில் அச்சேறியது 1867இல். இடைப்பட்ட காலத்தில் தமிழ் விவிலியம் சாத்தானின் கூட்டத்துக்குப் 'பிசாசு' என்ற சொல்லை நிலைநிறுத்திவிட்டது. இறந்தவரின் ஆவியும், கடவுளுக்கு எதிராகக் கலகம் செய்த வானவனும் ஒரே சொல்லின் கீழ் வந்தனர். ஊரார் அஞ்சி, உணவிட்டு, இரங்கிய ஒன்றை, அஞ்சி வெறுக்க மட்டுமே வேண்டிய ஒன்றாக இந்தச் சொற்சேர்க்கை மாற்றியது.

கால்டுவெல் 1849இல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற நூல், அக்காலப் பதிவுகளில் அப்பெயரால் குறிக்கப்பட்ட நாடார்களின் சமயத்தைப் பேய்வழிபாடு என்று வரையறுத்தது. பேய்களில் பெரும்பாலானவை அகால மரணமுற்ற மனிதர்கள் என்பதை அவரே அதில் எழுதியிருக்கிறார். அவதானிப்பு சரியாக இருந்தும் முடிவு வேறாக இருந்தது. இறந்தவர்கள் யார், ஏன் கொல்லப்பட்டனர் என்று அவர் தொடரவில்லை. அவ்வழிபாடு ஒரு சாதியின் மனநிலைக்கும் ஒழுக்க நிலைக்கும் அளவுகோலாயிற்று. 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தின் பிற்சேர்க்கையில் அது திராவிடரின் ஆதிச் சமயமாகவும், சைபீரியாவின் பூசாரி மரபோடு ஒப்பிடத்தக்கதாகவும் விரிந்தது. வழக்கு முதலில் சாதியின் இயல்பாகவும், பிறகு இனத்தின் இயல்பாகவும் ஆயிற்று. 1849 நூல் நாடார் சமூகத்திடமிருந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது என்பதையும் உடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டியலிடப்பட்டவர்கள் அமைதியாக இருந்துவிடவில்லை.

திருவிதாங்கூரில் இப்பணி லண்டன் மிஷன் சங்கத்தாருடையது. ரிங்கல்தௌபே 1806இல் வந்து மயிலாடியை மையமாக்கினார். நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை, திருவனந்தபுரம் என மிஷன் வட்டாரங்கள் இந்த நெடுவழியிலேயே விரிந்தன. பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றிய சாமுவேல் மெற்றீர் 1871இலும் 1883இலும் வெளியிட்ட இரு நூல்களில் மாடன், இசக்கி முதலியோர் பற்றிய விவரங்கள் நிறைய உள்ளன. அவற்றின் மதிப்பை மறுப்பதற்கில்லை. அன்றைய கொடைகளைப் பற்றி வேறு எழுத்துப் பதிவு நமக்கு அரிது. ஆனால் அந்நூல்களின் வரிசைமுறையைக் கவனித்தால், பெயர், உருவம், படையல், பீடிக்கும் விதம் என்று ஒவ்வொரு பேய்க்கும் ஒரு குறிப்பட்டை இருப்பதைக் காணலாம். 1977இன் விளையாட்டுக் கையேட்டுக்கும் இதற்கும் இடையே நேரடி உறவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பழக்கம்: பேயை அதன் மரணத்திலிருந்து பிரித்தெடுத்தால்தான் அதைப் பட்டியலில் வைக்க முடியும்.

இருந்தும், மக்கள் பேயைவிட்டுத் தேவாலயத்துக்குப் போனதை மிஷனரியின் சொல்லாற்றலால் மட்டும் விளக்க முடியாது. ஊழியவேலை, தலைவரி, தீண்டாமை, காணாமை என்ற சுமைகளுக்கு நடுவே மிஷன் பள்ளியும் மனு எழுதித் தரும் ஆளும் கிடைப்பது சிறிய செய்தியன்று. 1858-59இன் மேலாடைக் கலவரங்களுக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்ற அரசாணை வந்தது. உயிரோடிருப்பவரின் வழக்கைக் கேட்க ஒரு மன்றம் தென்பட்டபோது, இறந்தவரின் வழக்கைப் பாடிக்கொண்டிருந்த பீடத்தைப் பலர் விட்டு அகன்றனர்.

5. பேயை எரித்தவரும் கல்லை மாற்றியவரும்

பேய்வழிபாட்டை முற்றாகக் கைவிடச் சொன்ன வலிமையான இரு குரல்கள் ஒடுக்கப்பட்டோரிடமிருந்தே எழுந்தன. நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் இதைக் கடந்து போவது தவறு.

முதல் குரல் அய்யா வைகுண்டருடையது (1809–1851). மாடனுக்கும் இசக்கிக்கும் ஆடு கோழி பலியிடுவதை அவர் நிறுத்தச் சொன்னார். அகிலத்திரட்டு அம்மானையின்படி, பேய்கள் அவர் முன் வரவழைக்கப்பட்டு, தம் வலிமையை ஒப்படைத்து, எரிக்கப்படுகின்றன. இங்கே வைகுண்டர் மிஷனரியிலிருந்து அடிப்படையில் வேறுபடுகிறார். பேய் மூடநம்பிக்கை என்று அவர் சொல்லவில்லை. அது சாத்தானின் படை என்றும் சொல்லவில்லை. அவற்றைச் சபையில் நிறுத்தி, வாக்குமூலம் பெற்று, வழக்கை முடித்து வைத்தார். அடுத்து அவர் செய்தது அதைவிடப் பெரியது. உண்மையான தீமைக்கு அவர் வைத்த பெயர் கலி. அக்கலியின் உருவமாக அகிலத்திரட்டு காட்டுவது சுடுகாட்டு மாடனையல்ல. அனந்தபுரத்தில் அரியணை ஏறிய கலிநீசனையும், கடல் கடந்து வந்த வெண்நீசனையும். பேயைச் சுடுகாட்டிலிருந்து அரண்மனைக்கு இடம் மாற்றிய எழுத்து அது. தலைவரியும் ஊழியமும் விதித்தவனே பேய் என்று சொன்னவரை அரசு சிறையிட்டது வியப்பில்லை.

இரண்டாம் குரல் நாராயண குரு. சாமித்தோப்புக்கு அண்மையிலுள்ள மருந்துவாழ்மலையில் தவமிருந்தவர். தமிழில் பாடல்களும் இயற்றியவர். 1888 சிவராத்திரி அன்று நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில், நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். ஈழவர் ஒருவர் செய்த அப்பிரதிட்டை கோயில் அதிகாரத்தின் ஆணிவேரைத் தொட்டது. பின்னர் அவர் சென்ற இடங்களில் மாடன், யட்சி, சாத்தன் பீடங்களையும் கள், குருதிப் படையல்களையும் அகற்றி, சிவன், முருகன் போன்ற தெய்வங்களை நிறுவ வழிகாட்டினார்; 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியையே பிரதிட்டை செய்தார்.

இதை 'மேல்நிலையாக்கம்' என்ற ஒரே சொல்லில் கடந்துவிட முடியாது. அன்றைய ஏற்பாட்டில் தெய்வங்களும் சாதிப்படி பங்கிடப்பட்டிருந்தன: பெருந்தெய்வம் உயர்சாதிக்கு, பேய் மற்றோருக்கு. கோயில் வாசல்கள் சட்டப்படி எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 அன்றுதான். அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன் 'உனக்கு மாடனே போதும்' என்ற ஏற்பாட்டை அருவிப்புறம் மறுத்தது. தனக்கு ஒதுக்கப்பட்ட பேயை மறுப்பது, தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை மறுப்பதாகவே இருந்தது. அவர்கள் கைவிட்டதை இன்று நாம் 'எதிர்ப்பின் பண்பாடு' என்று புகழ்ந்து அவர்களிடமே திருப்பிக் கொடுப்பதற்கு முன், ஏன் கைவிட்டார்கள் என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

அதே வேளையில் இழப்பும் உண்மை. இசக்கி பகவதியாகும்போது, அவள் எந்தப் பெண் என்பது மறைகிறது. மாடன் சிவனாகும்போது, அவனைக் கொன்றவரின் பெயர் கதையிலிருந்து கழிகிறது. புராணத் தெய்வத்துக்குப் புராணம் ஏற்கெனவே உண்டு. அதற்கு ஊரின் சாட்சியம் தேவையில்லை. முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை 1971இல் பதிப்பித்திராவிட்டால், சக்கிலியர் குலப் பெண்களை மணந்து அவர்களின் மாடுகளைக் காக்கும் போரில் மாண்ட பார்ப்பன இளைஞன் ஒருவனைப் பற்றி, சொரிமுத்தையன் கோயிலுக்குச் செல்பவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

6. எல்லை பிரித்த ஆவணம்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை எல்லை ஊராயிற்று.

அதன்பின் இறந்தவர்களும் இரு மாநிலங்களில் பதிவானார்கள். இரவிக்குட்டிப்பிள்ளை போர், உலகுடைய பெருமாள் கதை, நீலி கதை போன்றவை மலையாள இலக்கிய வரலாற்றில் 'தெக்கன் பாட்டுகள்' என்ற தலைப்பில் தொடக்ககால மலையாளமாகின்றன. தமிழ் ஆய்வில் அவையே தென்மாவட்ட வில்லுப்பாட்டுகள். அ.கா. பெருமாள் போன்றோர் நாஞ்சில் நாட்டுப் பகுதியில் செய்த தொகுப்புப் பணி மிகப் பெரியது. ஆனால் களியக்காவிளையோடு நின்றுவிடும் ஆய்வேடுகள் இன்றும் வருகின்றன. அதற்கு அப்பால் அதே கதையின் எஞ்சிய பாதி வேறு எழுத்தில், வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒரு கொலையின் சாட்சிகள் பாதிப் பேர் ஒரு நீதிமன்றத்திலும் மீதிப் பேர் மற்றொன்றிலும் நிற்பது போன்ற நிலை இது.

7. முடிவாக

விளையாட்டுலகுக்குத் திரும்பி ஒரு செய்தி. அமெரிக்காவில் 1980களில் சாத்தான் பீதி பரவி, இவ்விளையாட்டு இளைஞரைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பேயையும் சாத்தானையும் குறிக்கும் சொற்களை நீக்கியது. சிறிது காலத்தில் அதே உருவங்கள் 'தனாரி', 'பாட்டேசு' என்ற புதுப் பெயர்களில் திரும்பி வந்தன. பெயர் மாறியது, எதுவும் இழக்கப்படவில்லை. ஏனெனில் அந்தப் பேய்களுக்குப் பெயரையும் எண்ணையும் தவிர இழப்பதற்கு எதுவும் இல்லை. நம் எல்லைப்பகுதியில் ஒரு பேயின் பெயர் மாறினால் ஒரு மரணத்தின் சாட்சியமே போய்விடுகிறது. இரண்டு வகைப் பேய்களுக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இது சிறியதன்று.

ஆகவே இப்பகுதியில் களப்பணி செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீடத்தின் உயரம், படையலின் வகை, ஆடியவரின் உடை ஆகியவற்றோடு ஐந்து கேள்விகளையும் உங்கள் படிவத்தில் சேருங்கள். இவர் யாராக இருந்தார்? எப்படி இறந்தார்? அச்சாவுக்குக் கதை யாரைப் பொறுப்பாக்குகிறது? கொடைச் செலவை எந்தக் குடும்பம் ஏற்கிறது, அக்குடும்பத்துக்கும் பொறுப்பானவருக்கும் உறவு என்ன? கொடை நின்றுபோயிருந்தால், எப்போது, யார் சொல்லி, எந்தக் காரணத்தால் நின்றது? ஐந்தாம் கேள்வியை விட்டுவிட வேண்டாம். நிறுத்தியவரின் நியாயமும் பேயின் நியாயமும் ஒரே கோப்பில் இருந்தால்தான் அது வரலாறு. எல்லையின் இருபுறமும் உள்ளவர்கள் ஒருவருடைய கோப்பை மற்றவர் படிக்கும் அளவுக்கு மற்ற எழுத்தையும் கற்றுக்கொண்டால், பழைய வழக்குகளில் சிலவாவது முழுமையாகக் கேட்கப்படும்.